அந்த ஒரு புள்ளியை யார் எடுத்தது?

2023 தை மாதம், பொங்கல் முடிந்த கையோடு ஒரு விடியற்காலையில் கணக்காளர் பரீட்சைப் பெறுபேறு மின்னஞ்சலில் வந்தது. லண்டனில் நள்ளிரவு கழிந்ததும் பெறுபேற்றை அனுப்பத் தொடங்கிவிடுவார்கள். எங்களுக்கு அது மாடு கறக்கிற நேரம். அப்பா கொட்டிலில் இருந்தார், செம்புக்குள் பால் விழுகிற சத்தம் கேட்டது. நான் கிணற்றுக்கட்டில் இருந்து போனைத் திறந்தேன். நிதி அறிக்கையிடல், 49. சித்தியடைய 50 வேண்டும்.

“மறுமொழி வந்திட்டுதோ பிள்ளை?” என்று கொட்டிலுக்குள் இருந்தே அப்பா கேட்டார்.

“இன்னும் இல்லை அப்பா.”

அந்தப் பொய்யை நான்கு நாள் வைத்திருந்தேன். அது மூன்றாவது தடவை. முதல் தடவை 43, இரண்டாவது 38. அந்த இரண்டு முறையும் மறைக்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் விசித்திரமாக இருக்கிறது. 38 எடுத்தபோது வீட்டுக்கு வந்து சிரித்துக்கொண்டே சொன்னேன். 49-ஐச் சொல்லத்தான் வாய் வரவில்லை. 38 என்றால் படிக்கவில்லை என்று எல்லோருக்கும் விளங்கும். 49 என்றால் அந்த ஒன்று எங்கே போனது என்று கேட்பார்கள். நானே கேட்டுக்கொண்டிருந்தேன்.

எனக்கு ஊர் உருத்திரபுரம். கிளிநொச்சி ரவுனில் ஒரு சிறிய கணக்காய்வு நிறுவனத்தில் வேலை. அரிசி ஆலை, கூட்டுறவுச் சங்கம், ஹாட்வெயார் கடை என்று போய்க் கணக்கெடுப்பதுதான் தொழில். வவுனியா வளாகத்தில் வணிகம் படித்தேன். 2021 ஆகஸ்ட்டில் அது தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது, நான் படித்தபோது யாழ்ப்பாணத்தின் வளாகம். பட்டத்தைக் காட்டி முதல் சில தாள்களுக்கு விலக்களிப்புப் பெற்று, லண்டனில் இருக்கும் ஒரு கணக்காளர் அமைப்பின் பரீட்சைகளுக்குப் பதிந்தேன். பெயர் இங்கே தேவையில்லை. மொத்தம் 13 தாள், ஒவ்வொன்றிலும் 50 எடுத்தால் சித்தி. எத்தனை தரமும் எழுதலாம், காசு இருந்தால்.

காசு என்றால் பவுணில். 2022 மாசியில் ஒரு பவுண் ஏறக்குறைய 270 ரூபாய். சித்திரை, வைகாசியில் 450. முப்பத்தையாயிரம் அளவில் கட்டிய கட்டணம் நான் இரண்டாம் தரம் பதியும்போது அறுபதாயிரத்துக்குக் கிட்டப் போயிருந்தது. அந்தப் பங்குனிக் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்கு முந்நூறு கிலோமீற்றருக்கு மேல். இரவு ரயிலில் கழிவறைக் கதவடியில் பையைப் போட்டு அதன்மேல் இருந்துகொண்டு போய், காலையில் வெள்ளவத்தையில் தெரிந்தவர் வீட்டில் முகம் கழுவிவிட்டு எழுதின சோதனை அது. 38. ஜூலையில் அந்தப் பெறுபேறு வந்தபோது ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஜனாதிபதியே நாட்டைவிட்டு ஓடிக்கொண்டிருந்தார்.

ஆனால் 49-க்கு அப்படி ஒரு சாட்டும் இல்லை. கரண்ட் இருந்தது. பஸ் இருந்தது. முறிகண்டியில் பஸ் நின்றபோது இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்தேன், தேங்காய் நேராய் இரண்டாய்ப் பிளந்தது. கச்சான் கடை அம்மாகூட “நல்ல சகுனம் பிள்ளை” என்றார்.

ஐந்தாம் நாள் வீட்டில் சொன்னேன். பெரியப்பா அன்று வந்திருந்தார். ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. “பேரைப் பார்த்து வெட்டியிருப்பாங்கள்” என்றார்.

பெரியப்பாவை நான் குறை சொல்லமாட்டேன். 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் வந்தபோது பாதிக்கப்பட்ட ஆட்களில் அவர் ஒருவர். சிங்களத்தில் எழுதினவருக்கு ஒரு வெட்டுப்புள்ளி, தமிழில் எழுதினவருக்கு அதைவிடக் கூடிய வெட்டுப்புள்ளி. அது கதையில்லை, அரசாங்கம் செய்தது. ஆகவே அவருக்கு ஒரு பெறுபேறு பிழைத்தால் அதற்குப் பின்னால் ஒரு கை இருக்கும். இருந்தே தீரும்.

என் தலைமுறைக்கும் ஒன்று இருக்கிறது. எனக்கு ஒரு வருடம் முன்னால் படித்த அக்காமார் 2011-இல் உயர்தரம் எழுதினார்கள். பழைய பாடத்திட்டம், புதிய பாடத்திட்டம் என்று இரண்டு கூட்டம் அந்த முறை எழுதியது. இரண்டையும் ஒன்றாய்ப் போட்டு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கிற இசட் புள்ளியைக் கணித்துவிட்டார்கள். வழக்குப் போனது. 2012-இல் உயர் நீதிமன்றம் அந்தக் கணிப்பைத் தள்ளி, இரண்டையும் தனித்தனியே கணிக்கச் சொன்னது. அப்படியென்றால் இலட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் வைத்துக்கொண்டு அழுததும் சிரித்ததும் பிழையான எண். இதைக் கண்ணால் பார்த்தவளுக்கு ‘பெறுபேறு பிழைக்காது’ என்று யாரும் வகுப்பெடுக்க முடியாது. எங்கள் வீட்டில் பெறுபேற்றைச் சந்தேகிப்பது வயல்காணி மாதிரி, தலைமுறையாய்க் கைமாறி வருவது.

பெரியம்மாவிடம் வேறு மருந்து இருந்தது. “அதையெல்லாம் தாண்டி வந்த பிள்ளை, இதென்ன பெரிய விசயமே?”

‘அது’ என்றால் எது என்று வன்னியில் யாரும் கேட்கமாட்டார்கள். 2009. நான் சாதாரண தரத்துக்குப் படித்த வருடம். செட்டிகுளம் மனிக்பாம் முகாமில் தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து படித்தது, பகலில் அந்தத் தறப்பாளின் வெக்கை, தண்ணி வரிசையில் கொப்பியோடு நின்றது. இதெல்லாம் உண்மைதான். ஆனால் இந்த வசனத்தை நான் எத்தனை தரம் கேட்டிருப்பேன் என்றால், கேட்டவுடன் பல்லைக் கடிக்கிற அளவுக்கு. செல்லடிக்குத் தப்பி ஓடினவளுக்குப் பிற்போடப்பட்ட வரி தானாக விளங்குமா? பதுங்குகுழி குத்தகைக் கணக்கீட்டைச் சொல்லித் தருமா? பெரியம்மா ஆறுதலுக்குத்தான் சொன்னார். எனக்கு அது வேறு மாதிரிக் கேட்டது. அவ்வளவையும் தாண்டிவிட்டு இதில் விழுகிறாயே என்று. நாங்கள் பட்டதற்குப் பக்கத்தில் வைத்தால் எந்தத் தோல்வியும் தோல்வியாகத் தெரியாது. அழுவதற்கே ஒரு தகுதி வேண்டும்போல இருக்கும்.

இரவில் நான் செய்த வேலை இதுதான்: வினாத்தாளை நினைவில் இருந்து திரும்ப எழுதுவது. எங்கள் தாளில் முதல் 15 வினா, பிறகு மூன்று சம்பவக் கதைகளின் கீழ் 15 வினா, ஒவ்வொன்றுக்கும் இரண்டு புள்ளி. பாதிச் சரிக்குப் பாதிப் புள்ளி கிடையாது. இரண்டு விடை தெரிவு செய் என்றால் ஒன்று சரி, ஒன்று பிழை என்றாலும் பூச்சியம். அது 60 புள்ளி. மிச்சம் 40-க்கு இரண்டு பெரிய வினா, கணினியில் தட்ட வேண்டும். விடைத்தாள் திரும்பி வராது. ஆகவே நினைவில் இருந்ததை வைத்துக் கூட்டிப் பார்த்தேன். ஒரே குழுமத்துக் கொம்பனிகள் தங்களுக்குள் விற்ற சரக்கில் இலாபம் கொள்விலையின் மேல் 25 வீதமா, விற்பனை விலையின் மேலா? முன்னையது என்றால் 125-இல் 25, பின்னையது என்றால் 100-இல் 25. நான் எதைப் போட்டேன்? சரியாய்த்தான் போட்டிருப்பேன். இப்படியே கூட்டிக் கூட்டி ஒரு இரவு 57 வந்தது. இன்னொரு இரவு 61. என் கணக்கில் நான் ஒவ்வொரு இரவும் சித்தியடைந்துகொண்டிருந்தேன்.

கணக்கியலில் இதற்கு ஒரு பெயர் இருக்கிறது. நிகழத்தக்க சொத்து. வழக்குப் போட்டிருக்கிறோம், வெல்லலாம் போலிருக்கிறது என்பதற்காக வரப்போகிற காசை ஐந்தொகையில், அதாவது சொத்தையும் கடனையும் இரண்டு பக்கமாய்க் காட்டுகிற கூற்றில், ஏற்ற முடியாது. அநேகமாக நிச்சயம் என்றால்தான் ஏற்றலாம், வாய்ப்பு அதிகம் என்றால் குறிப்பில் எழுதலாம், அவ்வளவுதான். சர்வதேசக் கணக்கீட்டு நியமம் 37. இதை நான் வாடிக்கையாளர்களுக்கு எத்தனை தரம் விளங்கப்படுத்தியிருக்கிறேன். என் சொந்தப் புத்தகத்தில் மட்டும் அந்த 57-ஐச் சொத்தாக ஏற்றி வைத்திருந்தேன்.

சரி, மேன்முறையீடு செய்வோம் என்று பார்த்தால், அது நாங்கள் பள்ளிக்கூடத்தில் அறிந்த மீள்திருத்தம் இல்லை. நிர்வாக ரீதியான பரிசீலனை என்கிறார்கள். எல்லா விடையும் திருத்தப்பட்டதா, கூட்டல் சரியா, புள்ளி உரிய ஆளுக்குத்தான் போனதா என்று பார்ப்பார்கள். இன்னொருவர் உட்கார்ந்து விடையைத் திரும்ப வாசித்துப் புள்ளி போடமாட்டார். திருத்துபவருக்குப் பெயரும் தெரியாது, இலக்கம்தான். இதைப் பெரியப்பாவுக்குச் சொன்னேன். “இலக்கத்தில இருந்து பேர் எடுக்கேலாதே?” என்றார்.

அது கூட்டலைச் சரிபார்க்கிற வேலைதான் என்று தெரிந்தும் காசு கட்டினேன். ஏன் என்று கேட்டால், அந்தச் சில வாரங்களுக்காக. பதில் வரும்வரை நான் பெயில் ஆனவள் இல்லை, விசாரணையில் இருப்பவள். யாராவது கேட்டால் “ரீ-கொரெக்சனுக்குப் போட்டிருக்கிறன்” என்று சொல்லலாம். அந்த வசனத்துக்கு வன்னியில் ஒரு மதிப்பு இருக்கிறது. கேட்டவர்கள் தலையாட்டிவிட்டுப் போவார்கள். அந்த வாரங்களில் நான் புத்தகத்தைத் தொடவில்லை. தொட்டால் ஒப்புக்கொண்டதாகிவிடும்.

பதில் மூன்று வரி. மாற்றமில்லை.

கனடாவில் இருக்கும் மச்சான் ஒருவன் சி.எஃப்.ஏ என்கிற முதலீட்டுத்துறைப் பரீட்சை எழுதுகிறவன். அன்று இரவு வட்ஸ்அப்பில் கதைத்தோம். 2021 ஜூலையில் அவன் முதலாம் நிலை எழுதியபோது சித்தி வீதம் வெறும் 22. அங்கே ஒரு நிலையை ஆறு தடவைக்கு மேல் எழுதவும் விடமாட்டார்கள். “உனக்கு 49 எண்டு முகத்துக்கு நேர சொல்லிப்போட்டாங்கள். எனக்கு எத்தினை கேள்வி சரியாப் போட்டா பாஸ் எண்டதையே சொல்லேல்ல” என்றான். அதைக் கேட்டு எனக்கு ஏன் சிரிப்பு வந்தது என்று தெரியவில்லை. ஆறு கிழமைக்குப் பிறகு வந்த முதல் சிரிப்பு.

பிழை எங்கே என்று கண்டுபிடித்தது நானில்லை, எங்கள் ஒபிஸில் இருக்கும் மூத்த அண்ணை. அவர் எந்த லண்டன் சோதனையும் எழுதாதவர், கணக்காய்வில் முப்பது வருடம். ஒரு சனிக்கிழமை அவர் முன்னால் பழைய பயிற்சித்தாள் ஒன்றைச் செய்துகாட்டச் சொன்னார். மணிக்கூட்டை மேசையில் வைத்தார். மூன்று மணித்தியாலத்துக்கு 100 புள்ளி, ஒரு புள்ளிக்கு 1.8 நிமிடம். ஒரு 20 புள்ளி வினாவுக்கு 36 நிமிடம்தான். முதல் பெரிய வினாவில் குழுமத்தின் ஐந்தொகை கேட்டிருந்தது. 35-ஆவது நிமிடத்தில் முடித்தேன். இரண்டு பக்கமும் சமப்படவில்லை. 400 வித்தியாசம். தேடினேன். அண்ணை ஒன்றும் சொல்லவில்லை. 50-ஆவது நிமிடத்தில் பிடித்துவிட்டேன், சிறுபான்மைப் பங்குதாரரின் பங்கில் ஒரு எண் இடம்மாறியிருந்தது. நிமிர்ந்து சிரித்தேன்.

“இதுக்கு எத்தினை மாக்ஸ்?” என்று கேட்டார்.

“ஒண்டு இருக்கும் அண்ணை.”

“அதுக்குப் பதினைஞ்சு நிமிசம். மற்றக் கேள்விக்கு?”

மற்றக் கேள்விக்கு 22 நிமிடம்தான் மிச்சம் இருந்தது.

சோதனையில் ஐந்தொகை சமப்படுவதற்கென்று புள்ளி கிடையாது. ஒவ்வொரு வேலைப்படிக்கும்தான் புள்ளி. இது எனக்குத் தெரியாததா? தெரியும். ஆனால் ஏழு வருடமாய் நான் செய்கிற வேலையில், ஒரு ரூபாய் இடித்தால் வீட்டுக்குப் போகமுடியாது. ஒருமுறை பரந்தன் பக்கம் ஒரு ஆலையில் நாலு மூடைக்காக இரவு எட்டு மணிவரை அடுக்கைப் பிரித்து எண்ணியிருக்கிறோம். இடிக்கிற கணக்கை விட்டுவிட்டு அடுத்த பக்கம் புரட்டுவது எனக்கு ஒரு ஒழுக்கக்கேடு மாதிரி. என்னை நல்ல கணக்காளராக வைத்திருக்கிற அதே பழக்கம்தான் சோதனை மண்டபத்தில் என் காலை வாரியது. மூன்று தடவையும் அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். உறுதியாய்ச் சொல்ல விடைத்தாள் கையில் இல்லை. ஆனால் முதல் தடவை கடைசி வினாவில் பாதி வசனத்தில் திரை மூடியது ஞாபகம் இருக்கிறது. அந்த ஒரு புள்ளியை எடுத்த கை அதுவென்று வைத்துக்கொண்டேன்.

அந்தக் கடைசி வினா பகுப்பாய்வு. ஒரு கொம்பனியின் இரண்டு வருடக் கணக்கைத் தந்து, எப்படிச் செய்திருக்கிறது என்று கேட்பார்கள். மொத்த இலாப வீதம் 22-இல் இருந்து 28-க்குக் கூடியிருக்கிறது என்று நான் எழுதுவேன். அதோடு நிறுத்திவிடுவேன். பரீட்சகர் அறிக்கைகளில் திரும்பத் திரும்ப வருகிற முறைப்பாடு அதுதான்: கூடியது, குறைந்தது என்கிறார்கள், ஏன் என்று சொல்வதில்லை. உயர்தரம்வரை தமிழில் படித்தவள் நான். ஆங்கிலத்தில் ‘ஏன்’ எழுதப் பயம், அதனால் சுருக்கிவிடுகிறேன் என்று நினைத்திருந்தேன். அரைவாசி உண்மை. மற்ற அரைவாசி, எனக்கு ‘ஏன்’ என்று யோசிக்கிற பழக்கமே இல்லை என்பது.

அதை நான் உணர்ந்தது வீட்டு விறாந்தையில். அப்பா யாரோ ஒரு அதிகாரிக்கு 2022 காலபோக அறுவடையை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். அதற்கு முந்தின வருடம் சித்திரை, வைகாசியில் இரசாயன உரத்தைத் தடைசெய்தார்கள், கார்த்திகையில் தடையை எடுத்தபோது எங்களுக்குக் காலம் பிந்திவிட்டது. அப்பா சொன்னது ஏறக்குறைய இப்படி: விளைச்சல் வழக்கத்தில் பாதி. ஆனால் நெல்லுக்கு விலை ஏறினபடியால் கையில் வந்த காசு பாதியாகக் குறையவில்லை. காசைப் பார்த்து நல்ல போகம் என்று நினைக்கக்கூடாது, வெட்டு மெசினுக்கு டீசல் கறுப்புச் சந்தையில் எடுத்தது, கூலி ஏறினது. விதைநெல்லுக்கு எடுத்துவைக்கிறதை அந்தமுறை விற்றுவிட்டோம், ஆகவே அந்த வருட வருமானத்தில் ஒரு பங்கு உண்மையில் அடுத்த வருடத்துடையது.

நான் குசினி வாசலில் தேத்தண்ணியோடு நின்றேன். வருமானம், விலை விளைவு, கனவளவு விளைவு, செலவின் தன்மை, ஒருமுறை மட்டும் வரும் வரவு. எட்டாம் வகுப்போடு விட்ட மனிதர் இருபது புள்ளி விடையை ஒரு வெற்றிலை போடுகிற நேரத்துக்குள் சொல்லி முடித்துவிட்டார். அதிகாரி அதை எழுதிக்கொண்டாரா என்று தெரியாது.

பிறகு அப்படியே பழகினேன். கணக்கைப் பார்த்து முதலில் தமிழில், அப்பாவின் வாய்ப்பேச்சில் காரணத்தை எழுதிவிட்டு, அதை ஆங்கிலத்துக்கு மாற்றுவது. மெதுவான வேலை. 2023 ஆனியில் நாலாந்தரம் எழுதி 47 எடுத்தேன். ஆம், குறைந்தது. திருந்தியவுடன் பலன் வரும் என்று நினைத்தவர்கள் மன்னிக்கவும்.

இந்த இடத்தில் எல்லோரும் கேட்பது, ஏன் விடவில்லை என்று. சம்பளம் கூடும், வெளிநாடு போகலாம், அதெல்லாம் உண்டு. ஆனால் எனக்கு இந்தப் பாடம் பிடிக்கும், அதைச் சொல்லத்தான் வெட்கம். எங்கள் வளவில் ஒன்பது தென்னை நிற்கிறது. சர்வதேசக் கணக்கீட்டு நியமத்தின்படி தென்னை மரம் 2016-இல் இருந்து நியமம் 16-க்குள், அதாவது இயந்திரம், கட்டடம் மாதிரி. அதில் தொங்குகிற தேங்காய் நியமம் 41, உயிரியல் சொத்து, நியாயமான பெறுமதியில். பறித்துக் கீழே போட்டுவிட்டால் அது சரக்கு, நியமம் 2. ஒரே மரத்தில் மூன்று நியமம். பக்கத்தில் கட்டியிருக்கும் மாடு 41, அதன் பால் செம்புக்குள் விழுந்தபிறகு 2. இதை முதன்முதல் படித்த அன்று நான் வளவுக்குள் இறங்கி மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இப்படி ஒரு கண்ணால் உலகத்தைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள் என்பதே எனக்குச் சந்தோசம். புள்ளி தராவிட்டாலும் அதைப் பறிக்கமுடியாது.

2023 மார்கழியில் ஐந்தாந்தரம் எழுதினேன். ஐந்தொகை சமப்படவில்லை. எவ்வளவு வித்தியாசம் என்றுகூடப் பார்க்காமல் அடுத்த வினாவுக்குப் போனேன், கை நடுங்கியது. தையில் 56 வந்தது. ஊரில் இனிப்புக் கொடுத்தோம். பெரியப்பா, “இந்தமுறை வெட்டப் பயந்திட்டாங்கள்” என்றார்.

அடுத்த தாள் கணக்காய்வு. என் சொந்தத் தொழில். எல்லோரும் அது உனக்குத் தண்ணிபட்டபாடு என்றார்கள். போன ஆடியில் விடியற்காலை மின்னஞ்சல் வந்தபோது அப்பா வழக்கம்போல் கொட்டிலில் இருந்தார். 44.

“மறுமொழி வந்திட்டுதோ பிள்ளை?”

“வந்திட்டுது அப்பா. நாற்பத்துநாலு. பெயில்.”

பால் விழுகிற சத்தம் கொஞ்சம் நின்று, திரும்பத் தொடங்கியது. அம்மா குசினிக்குள் இருந்து எட்டிப் பார்த்தார்.

“அப்ப மார்கழிக்கோ?”

“மார்கழிக்குத்தான்.”

“போகேக்க முறிகண்டியில கச்சான் வாங்காத. வரேக்க வாங்கு. போனமுறை கொழும்பு போய் வரமுன்னம் நீயே திண்டு முடிச்சிட்டாய்.”